சட்டம் ஒழுங்கு எந்த நாளில் குலைகிறது?

பதிவு 1 – இழையைத் தொடங்கியவர்

நவீன சமூகத்தில் சட்டம் ஒழுங்கு சரிந்துகொண்டே போகிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கலவரம் மூண்ட நாளையோ கடைகள் சூறையாடப்பட்ட இரவையோ சுட்டி, அன்றைக்குத்தான் சட்டம் ஒழுங்கு குலைந்தது என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீங்கிழைக்கப்பட்ட ஒருவர் காவல் நிலையத்தின் வாசல்வரை போய், உள்ளே நுழைவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று திரும்பி நடக்கிறாரே, அந்த நாளிலேயே அது குலையத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் நான் விவாதத்துக்கு வைக்கும் கருத்து.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் 1969 அக்டோபர் 7 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது எடுத்துக்காட்டாக வரும். ஊதிய உயர்வு கேட்டு அந்நகரக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; ஏறத்தாழ பதினாறு மணி நேரந்தான். அதற்குள் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன, நகர மையத்தில் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின, மாகாணக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், இறுதியில் இராணுவம் வரவழைக்கப்பட்டது. தடியைக் கீழே வைத்தால் மனிதன் விலங்காகிவிடுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள்.

ஆனால் அந்த இரவின் பெரிய வன்முறை எங்கே தொடங்கியது என்பதை அவர்கள் சொல்வதில்லை. விமான நிலையத்திலிருந்து பயணிகளை ஏற்றும் உரிமை ஒரே நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்ததை எதிர்த்து நெடுநாளாகக் குமுறிக்கொண்டிருந்த டாக்சி ஓட்டுநர்கள்தான் அந்த நிறுவனத்தின் வாகனக் கொட்டகையை முற்றுகையிட்டார்கள். வங்கிக் கொள்ளைகள் பகலிலேயே தொடங்கிவிட்டன; ஆனால் அன்றிரவு கூட்டமாக வீதிக்கு வந்தது, உரிய இடத்தில் சொல்லியும் எவரும் காதுகொடுக்காத ஒரு பழைய முறையீடு. நகர மையத்துக் கடைகளை உடைத்த பெருங்கூட்டம் அதன் பின்னால் வந்தது. நகரவாசிகளில் மிகப் பெரும்பாலோர் எந்தக் கடையையும் தொடாமல் வீட்டில்தான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதிவு 2 – முன்னாள் வழக்கறிஞர்

நல்ல தொடக்கம். ஆனால் முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொள்வோம். சட்டம், ஒழுங்கு என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, இரண்டும் ஒன்றே என்று நம்பத் தொடங்கிவிட்டோம். ஒழுங்கு இருக்கும் இடத்திலெல்லாம் சட்டம் இருப்பதில்லை. ஒரு பகுதியில் ரௌடி ஒருவன் கட்டப்பஞ்சாயத்து நடத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே திருட்டு நடக்காது, சத்தம் இருக்காது, கொடுத்த கடன் குறித்த நாளில் திரும்பிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அமைதியான பகுதி. எந்தச் சச்சரவிலும் யார் சொல்வது சரி என்பதை முடிவு செய்யும் உரிமை, யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவன் கைக்குப் போய்விட்டது என்பதுதான் உள்ளே இருக்கும் உண்மை.

மக்கள் ஏன் அவனிடம் போகிறார்கள் என்று கேட்டால், தொழில் வாழ்க்கை முழுவதும் நீதிமன்ற வராந்தாக்களில் நின்ற எனக்குத் தெரிந்த விடை ஒன்றே: அவன் வாய்தா போடுவதில்லை.

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். கத்திக்குத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார். துணிவானவர், உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற முனைப்போடு இருந்தவர். ஒருநாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரவில்லை, இன்னொரு நாள் நீதிபதி விடுப்பில் போனார், மற்றொரு நாள் ஆவணம் வந்து சேரவில்லை. இப்படியே பதினோரு முறை தன் வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருந்து திரும்பினார். ஒவ்வொரு முறையும் குற்றம் சாட்டப்பட்டவரின் ஆட்கள் அதே வராந்தாவில் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டாவது முறை கூண்டில் ஏறியதும், தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஏட்டில் அவர் பிறழ்சாட்சி என்று பதிவானார். பிறழ்ந்தது அவர்தானா என்ற கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

பதிவு 3 – புள்ளிவிவரங்களை வாசிப்பவர்

மன்னிக்க வேண்டும், உங்கள் இருவருடைய பேச்சும் ஒரு முன்முடிவின் மேல் நிற்கிறது. நவீன சமூகத்தில் சட்டம் ஒழுங்கு சரிந்துகொண்டே போகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கொலையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மறைப்பதற்கு மிகக் கடினமான குற்றம் அது. இடைக்கால ஐரோப்பாவின் நீதிமன்ற ஏடுகளையும் பிண விசாரணைப் பதிவுகளையும் ஆராய்ந்தவர்களின் கணிப்பில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு இருபதுக்கும் மேற்பட்ட கொலைகள் அன்று சாதாரணமாக நடந்திருக்கின்றன. இன்று மேற்கு ஐரோப்பாவில் அது ஒன்றை ஒட்டி நிற்கிறது. உலகம் முழுவதற்குமாக ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2021ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கு ஒரு லட்சத்துக்கு 5.8, அதாவது அந்த ஓராண்டில் ஏறத்தாழ 4,58,000 உயிர்கள். சிறிய எண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது சரிவின் எண் அல்ல. நியூயார்க் நகரில் 1990இல் 2,245 கொலைகள் நடந்தன, 2017இல் 292. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில், காவல்துறைப் பதிவேட்டை நம்பாமல் மக்களிடமே நேரில் கேட்டு எடுக்கப்படும் கணக்கெடுப்பின்படி, குற்றங்கள் 1995ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு பல ஆண்டுகள் இறங்கியே வந்தன.

அப்படி இறங்கிவந்த காலத்திலும், அமெரிக்காவில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்புகளில் பெரும்பாலோர் கடந்த ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றே ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வந்திருக்கிறார்கள். தொலைக்காட்சியை நெடுநேரம் பார்ப்பவர்கள் உலகத்தை அது உள்ளதைவிடக் கொடியதாக எண்ணுகிறார்கள் என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் கைப்பேசிக் காலத்துக்கு வெகுமுன்பே காட்டினார்.

ஒரு செய்தி ஒரு தலைமுறையின் நம்பிக்கையை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு 1964இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனவீஸ் கொலையைவிடப் பொருத்தமான சான்று இல்லை. முப்பத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள், தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர்கூடக் காவல்துறையை அழைக்கவில்லை என்று ஒரு பெரிய நாளிதழ் எழுதியது. நகர மனிதன் கல்லாகிவிட்டான் என்பதற்குச் சான்றாக அது பாடநூல்களிலும் ஏறியது. பின்னால் துருவிப் பார்த்தபோது, நிகழ்ந்ததைத் தெளிவாகக் கண்டவர்கள் மிகச் சிலரே என்பதும், அண்டை வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து, உயிர் பிரியும் தறுவாயில் இருந்தவரை மடியில் ஏந்திக்கொண்டார் என்பதும் தெரியவந்தன. அந்த நாளிதழே 2016இல் தன் பழைய செய்தி பிழைபட்டது என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

பதிவு 4 – வீடு கொள்ளை போனவர்

நண்பரே, இடைக்கால ஐரோப்பாவைவிட நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டுப் பூட்டு உடைக்கப்பட்ட இரவுக்குப் பிறகு என் தாயார் தனியாகத் தூங்குவதில்லை. அவரிடம் எந்த எண்ணைக் காட்டி ஆறுதல் சொல்வது?

புகார் கொடுக்கப் போனேன். முதல் நாள், பொறுப்பாளர் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள், எல்லை வேறு நிலையத்தைச் சேர்ந்தது என்றார்கள். மூன்றாம் நாள் எழுதிக்கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. அதன் பிறகு ஒருவர்கூட வந்து பூட்டைப் பார்க்கவில்லை. கணக்கெடுப்புகளைப் பற்றிப் பேசுபவர்கள், என் வீட்டில் நடந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவேயில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எனக்கு எல் சல்வடோர் நாட்டின் வழிதான் சரியென்று படுகிறது. 2015இல் ஒரு லட்சம் பேருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்த நாடு அது. 2022 மார்ச் மாதத்தின் ஒரே வாரக்கடைசியில் கும்பல்கள் 87 பேரைக் கொன்றதும், அரசு நெருக்கடி நிலையை அறிவித்துப் பல்லாயிரம் பேரைப் பிடித்துச் சிறையில் தள்ளியது. 2024இல் அரசின் கணக்கில் நாடு முழுவதும் 114 கொலைகள். பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள். வணிகர்கள் கும்பலுக்கு மாமூல் கட்டுவதில்லை. இதைக் கொடுங்கோன்மை என்று பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து சொல்வது எளிது.

பதிவு 5 – இழையைத் தொடங்கியவர்

உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். உங்கள் மூன்று நாள் அலைச்சலைப் படித்தபோது, நான் முதல் பதிவில் சொல்ல நினைத்ததை நீங்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள் என்று தோன்றியது.

எல் சல்வடோர் மக்களுக்குக் கிடைத்த நிம்மதி பொய் என்று நான் சொல்லமாட்டேன். கும்பல்களிடம் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். பிடிபட்டவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டதை அந்நாட்டு அதிபரே ஒப்புக்கொண்டார். அந்த எட்டாயிரம் பேர் சிறைக்குள் கழித்த மாதங்களுக்கு யார் பொறுப்பு? தவறுதலாகப் பிடிபட்டு இன்னமும் உள்ளே இருப்பவன் யாரிடம் போய் முறையிடுவான்? கூட்டு விசாரணையில் நூற்றுக்கணக்கானோரை ஒன்றாக நிறுத்தினால், உங்கள் புகாரைப் படிக்காமல் வாங்கி வைத்த அதே அலட்சியம் நீதிபதியின் இருக்கைக்கும் வந்துவிட்டது என்றுதானே பொருள்?

1764இல் இத்தாலியரான சேசரே பெக்காரியா, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமை அல்ல, அது தவறாமல் வந்து சேரும் என்ற உறுதியே என்று எழுதினார். அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அவர் பக்கமே சாய்கின்றன. திருடப் போகிறவன் சட்டப்புத்தகத்தில் எத்தனை ஆண்டு என்று புரட்டிப் பார்ப்பதில்லை. மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்றுதான் பார்க்கிறான். இந்த இடத்தில் புள்ளிவிவர நண்பரின் கவனத்துக்கு ஒன்று: 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பதிவான கொலைகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் காவல்துறை துப்பு துலக்கியது. 2021, 2022இல் அது பாதி அளவுக்கு இறங்கிவிட்டது. தடயவியலும் கண்காணிப்புக் கேமராவும் மரபணுச் சோதனையும் வந்த பிறகு நிலைமை இது. கொலைகளின் எண்ணிக்கை குறைந்த காலத்திலும் இந்த விகிதம் பழைய அளவுக்கு மீளவில்லை. சரிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

பதிவு 6 – காவல் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர்

இரண்டு நாள்களாக இந்த இழையைப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். பதிவு செய்தால் எண் கூடும். எண் கூடினால் மேலே இருப்பவர் கேள்வி கேட்பார். பதிவு செய்யாவிட்டால் எவரும் கேட்கப்போவதில்லை. குறைந்த குற்றத்துக்குப் பாராட்டு என்று ஏற்பாடு செய்துவிட்டால், குற்றத்தைக் குறைப்பதைவிடப் பதிவைக் குறைப்பது எளிது என்பதை நிலையத்தில் இருப்பவர் மிக விரைவில் கற்றுக்கொள்கிறார். பந்தோபஸ்துக்கும் தலைவர்கள் வருகைக்கும் ஆள்களை அனுப்பிய பிறகு விசாரணைக்கு மிஞ்சுவது மிகச் சிலரே என்பதும் உண்மை. ஆனால் அதைச் சாக்காகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1829இல் லண்டனில் ராபர்ட் பீல் நிறுவிய காவல்துறையின் கொள்கைகள் என்று பின்னாளில் தொகுக்கப்பட்டவற்றில், மக்கள் மனமுவந்து கீழ்ப்படியாத இடத்தில் காவல் என்பதே நடவாது என்ற கருத்து அடித்தளமாக இருக்கிறது. நான் பணியில் இருந்தபோது இதை மேடைப்பேச்சு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் கண்டுபிடித்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் எங்களுக்கு வழி காட்டியது யாரோ ஒருவர் வாய்திறந்து சொன்ன ஒரு செய்திதான். அந்த வாய் மூடிக்கொண்டால் எந்தக் கேமராவும் உதவாது.

நியூயார்க்கின் எண் இங்கே வந்ததால் அதைத் தொடர்ந்து சொல்கிறேன். உடைந்த ஒரு சன்னலை அப்படியே விட்டால் மற்றவையும் உடையும் என்று ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982இல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, சிறு குற்றத்தையும் விடாமல் பிடிப்பது அந்த நகரத்தின் வழக்கமாயிற்று. அதன் நீட்சியாகத் தெருவில் போவோரை நிறுத்திச் சோதிப்பது வளர்ந்தது. 2011இல் மட்டும் ஏறத்தாழ 6,85,000 முறை நிறுத்தினார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரிடம் கைது செய்யவோ அழைப்பாணை கொடுக்கவோ எதுவும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இனத்தவர். 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நடைமுறையை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது. சோதனைகள் பெருமளவு குறைந்தன. குற்றம் பெருகும் என்று எச்சரித்தார்கள். ஆனால் நண்பர் சொன்ன அந்த 292 வந்தது அதற்குப் பிறகுதான்.

ஜார்ஜியா நாடு 2004இல் வேறொன்று செய்தது. கையூட்டுக்குப் பேர்போன போக்குவரத்துக் காவல் பிரிவை ஒட்டுமொத்தமாகக் கலைத்து, ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிதாகத் தேர்ந்தவர்களை நல்ல ஊதியத்தோடு ரோந்துக்கு விட்டது. உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும் என்று காவல் நிலையங்களைக் கண்ணாடிச் சுவரோடு கட்டினார்கள். சாலையில் கையூட்டு ஏறக்குறைய மறைந்தது. ஆனால் சிறைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கவில்லை. 2012இல் சிறைக்குள் நடந்த கொடுமைகளின் காணொலிகள் வெளிவந்தன. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் நடந்த தேர்தலில் அந்த ஆட்சி தோற்றது. பாதியைத் திருத்திவிட்டு மீதியை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்கவில்லை.

பதிவு 7 – பள்ளி ஆசிரியை

காவலும் நீதிமன்றமும் மட்டுமே பேசப்படுவதால் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள், ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்ய அரை நிமிடக் காணொலி போதும் என்று நம்புகிறார்கள். பெரியவர்களிடமிருந்துதான் அதைக் கற்றார்கள். குழந்தைக் கடத்தல்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பி, வழி கேட்க நின்றவர்களையும் கூட்டம் அடித்துக் கொன்ற நிகழ்வுகள் 2018இல் நடந்தன. வந்த ஒரு செய்தியை ஐந்துக்கு மேற்பட்ட ஆள்களுக்கோ குழுக்களுக்கோ ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாட்டை அந்த நிறுவனம் 2019 சனவரியில் உலகம் முழுவதற்கும் கொண்டுவந்தது அதனால்தான். அடித்தவர்கள் தங்களைக் கொலைகாரர்கள் என்று எண்ணவில்லை என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. காவல்துறை வந்தால் விட்டுவிடுவார்கள், நீதிமன்றம் போனால் வெளியே வந்துவிடுவான், ஆகவே நாமே முடித்துவிடுவோம் என்ற எண்ணம், வழக்கறிஞர் ஐயா சொன்ன அந்தப் பதினோரு வாய்தாக்களில் இருந்துதான் முளைக்கிறது.

மற்றொன்று, எல்லையே இல்லாத குற்றம். தொலைபேசியில் அதிகாரி போலப் பேசி ஓய்வூதியப் பணத்தைப் பறிப்பவன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே தெரிவதில்லை. அப்படிப் பேசுகிறவர்களில் பலர் தாங்களே கடத்தப்பட்டு அடைத்து வைக்கப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. இங்கே ஏமாந்தவரும் அங்கே ஏமாற்றுபவரும் இருவருமே பாதிக்கப்பட்டவர்கள். இவர்கள் எந்த வாசலுக்குப் போவார்கள்?

பதிவு 8 – புள்ளிவிவரங்களை வாசிப்பவர்

கொலை வழக்குகளில் துப்பு துலங்கும் விகிதம் குறைந்ததை நான் அறிவேன். ஆனால் அதைச் சரிவின் அளவுகோலாக நான் வைத்துப் பார்த்ததில்லை. பதிவேறாத புகார் என் அட்டவணையில் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குற்றம் குறைவதும் நம்பிக்கை குறைவதும் ஒரே காலத்தில் நிகழக்கூடும் என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கையை விட்டுத்தர முடியாது: எல்லாம் அழிந்துவிட்டது என்ற பேச்சுதான் எட்டாயிரம் பேரை விசாரணையின்றி உள்ளே தள்ளுவதற்கு மக்களின் ஒப்புதலைப் பெற்றுத்தருகிறது.

காவல் ஐயாவின் எடுத்துக்காட்டுகளோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று பெயர் வாங்கியிருந்தது. 2005இல் அங்கே காவல்துறையே வன்முறைத் தணிப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, கத்திக்குத்தை ஒரு தொற்றுநோயைப் போல அணுகியது. கும்பல் இளைஞர்களை நேருக்கு நேர் அழைத்துப் பேசி, விடுபவனுக்கு வேலையும் பயிற்சியும், விடாதவனுக்கு உறுதியான வழக்கு என்று இரண்டையும் ஒன்றாக முன்வைத்தார்கள். மருத்துவமனை, பள்ளி, வீட்டுவசதித் துறை எல்லாம் அதில் சேர்ந்தன. ஏறத்தாழ பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தின் கொலைகள் பாதியாகக் குறைந்தன.

பதிவு 9 – வீடு கொள்ளை போனவர்

அந்த எட்டாயிரம் பேரைப் பற்றி நேற்றிரவு நினைத்துக்கொண்டிருந்தேன். என் புகாரைப் படிக்காதவர்கள் கையிலேயே, யாரை வேண்டுமானாலும் கேள்வியில்லாமல் பிடிக்கும் அதிகாரத்தையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கடுமை வேண்டும் என்ற எண்ணம் இன்னும் முழுவதும் போகவில்லை. ஆனால் உண்மையில் நான் கேட்டது கடுமையை அல்ல. யாராவது ஒருவர் வந்து அந்தப் பூட்டைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவு 10 – முன்னாள் வழக்கறிஞர்

அப்படியானால் அதைக் கேட்டு வாங்குவோம். நிலையத்தில் வாங்க மறுத்தால், எழுத்துப்பூர்வமாக அதே புகாரை மேலதிகாரிக்கு ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்; ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். எந்தத் தேதியில் யாரிடம் போனீர்கள், என்ன சொல்லித் திருப்பினார்கள் என்பதை நினைவில் இருக்கும்போதே வரிசையாக எழுதி வையுங்கள். வரைவை எனக்குத் தனிமடலில் அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

பதிவு 11 – காவல் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர்

உடைந்த பூட்டை மாற்றியிருந்தாலும் பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துடைக்காமல், ஒரு காகித உறையில் போட்டுத் தனியாக வையுங்கள்.

பதிவு 12 – வீடு கொள்ளை போனவர்

பூட்டு இருக்கிறது. இன்றிரவு எழுதத் தொடங்குகிறேன்.